டீச்சரிடம் கேளுங்கள்: ஜாம்பியாவா, போட்ஸ்வானாவா?

கேள்வி: டீச்சர், நான் அக்கவுண்டன்ட். ஜாம்பியாவின் லுசாக்காவிலும் போட்ஸ்வானாவின் காபரோனிலும் ஒரே சமயத்தில் வேலை கிடைத்திருக்கிறது. லுசாக்காவில் சம்பளம் கூடுதல். மனைவியையும் நாலு வயது மகளையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். நீங்கள் இரண்டு நாட்டிலும் கணக்கு டீச்சராக இருந்தவர். எங்கே வாழ்க்கைத் தரம் நன்றாக இருக்கும்?
— வாசகர், திருமங்கலம்

பதில்: தம்பி, குழந்தையோடு போவதென்றால் காபரோனுக்குப் போங்கள். சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை.

முதலில் கரண்ட் விஷயத்தைப் பாருங்கள். ஜாம்பியாவின் மின்சாரத்தில் எண்பது சதவீதத்துக்கும் மேல் நீர்மின்சாரம். மழை பொய்த்தால் கரிபா ஏரி வற்றும், ஊர் இருண்டுவிடும். 2024இல் அதுதான் நடந்தது. பிப்ரவரி கடைசியில் தேசியப் பேரிடர் என்றே அறிவித்தார்கள். அதன்பின் பல வீடுகளில் ஒரு நாளைக்குச் சில மணி நேரம்தான் கரண்ட். 2012இல் மதுரையில் நாம் பட்ட பாட்டைவிட மோசம். வசதி உள்ளவர்கள் சோலார் போட்டுச் சமாளித்தார்கள். வெல்டிங் பட்டறைக்காரரும் சலூன்காரரும் என்ன செய்வார்கள்? அந்த வருடம் மக்காச்சோளமும் காய்ந்துபோனது. அந்த மாவில் கிண்டுகிற நிஷிமா என்ற களிதான் அங்கே அன்றாடச் சாப்பாடு.

போட்ஸ்வானா இன்னும் வறண்ட பூமி, பெரும் பகுதி கலஹாரிப் பாலைவனம். 2015இல் காபரோன் அணை காய்ந்தே போனது. ஆனால் வடக்கே இருக்கிற அணைகளிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவர அந்த அரசிடம் பணம் இருந்தது. 1966இல் சுதந்திரம் வாங்கியபோது நாடு முழுக்க 12 கிலோமீட்டர்தான் தார்ச்சாலை. மறுவருடம் ஒராபாவில் வைரம் கிடைத்தது. அந்தப் பணத்தைச் சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று போட்டார்கள்.

ஜாம்பியாவின் கதை தலைகீழ். 1964இல் சுதந்திரம் வாங்கும்போதே தாமிரத்தால் வசதியான நாடு. எழுபதுகளின் நடுவில் தாமிர விலை விழுந்தது, கடன் ஏறியது. நான் ஜாம்பியாவின் தாமிரச் சுரங்க ஊரான கிட்வேயில் பாடம் நடத்திய எண்பதுகளில், கடையில் சோப்பு வந்திருக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், விடிவதற்குள் வரிசை நின்றுவிடும். என்ன விற்கிறார்கள் என்று தெரியாமலே முதலில் இடம்பிடித்துவிட்டு, அப்புறம் முன்னால் நிற்பவரிடம் கேட்பார்கள். 1986 டிசம்பரில் மாவு விலை ஏறியதும் தாமிரப் பட்டை என்று சொல்லும் அந்தச் சுரங்க ஊர்களில் கலவரமே வெடித்தது. அப்படிப்பட்ட நாட்களிலும் என் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் பூசணி இலையை நிலக்கடலைப் பொடி போட்டு வேகவைத்து, மூடி போட்டு என் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். அந்த மனசைக் காபரோனில் நான் அவ்வளவாகப் பார்க்கவில்லை. அக்கம்பக்கம் வேண்டும் என்பவருக்கு ஜாம்பியாதான்.

இன்று தலைக்கு வருமானம் போட்ஸ்வானாவில் ஜாம்பியாவைப் போலப் பல மடங்கு. ஆனால் இரண்டுமே ஏற்றத்தாழ்வு மிகக் கடுமையாக உள்ள நாடுகள். நீங்கள் சுற்றுச்சுவர் வைத்த வீட்டில் இருப்பீர்கள். அதை வைத்து நாட்டை எடைபோடாதீர்கள். உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் எங்கே போகிறார், அவர் பிள்ளை எதுவரை படிக்கிறது என்று பாருங்கள்.

போட்ஸ்வானாவை நான் மதிப்பது இதனால்தான். தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே சனிக்கிழமை என்றாலே சாவு வீடுதான். எய்ட்ஸ். திங்கட்கிழமை வருகைப் பதிவேடு எடுத்தால், பெற்றோரைப் புதைத்துவிட்டு வந்த பிள்ளை முன்பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். ரிப்போர்ட் கார்டில் பாட்டி கையெழுத்து இருக்கும். 2002இல் அரசு இலவசமாக மருந்து கொடுக்க ஆரம்பித்தது. ஆப்பிரிக்காவில் முன்னோடித் திட்டம் அது. தாயிடமிருந்து குழந்தைக்கு நோய் போவதைத் தடுத்ததற்காக 2021இல் உலக சுகாதார நிறுவனம் அந்த நாட்டுக்கு அங்கீகாரம் தந்தது. நோய் ஒழியவில்லை, இன்னும் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இருக்கிறது. ஆனால் மருந்து சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள், பிள்ளை வளர்க்கிறார்கள்.

கையெழுத்துப் போடுமுன் ஒன்று: சம்பளம் எந்த நாணயத்தில் என்று கேளுங்கள். ஜாம்பியாவின் குவாச்சா 2013இல் மூன்று சைபரை வெட்டிப் புதிதாக வந்த நாணயம். அந்த அளவுக்கு மதிப்பு தேய்ந்திருந்தது. மகளின் பள்ளிக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, கிராஜுவிட்டி மூன்றும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும். லுசாக்காவுக்கே போவதானால் கொசுவலை கட்டாயம். ஜாம்பியா முழுக்க மலேரியா உண்டு. போட்ஸ்வானாவில் வடக்குப் பக்கம்தான்.

கேள்வி: என் மகள் லுசாக்காவில் இருக்கிறாள். சைவச் சாப்பாட்டுக்குக் கஷ்டப்படுவாளோ என்று கவலையாக இருக்கிறது.
— வாசகி, மேலூர்

பதில்: கவலையே வேண்டாம் அம்மா. அங்கே குஜராத்திக் குடும்பங்கள் தலைமுறையாக இருக்கிறார்கள். பருப்பு, மசாலா எல்லாம் கிடைக்கும், கோயிலும் உண்டு. புளியும் பெருங்காயமும் மட்டும் அனுப்பிவையுங்கள்.

கேள்வி: வைரம் விலை போகாவிட்டால் போட்ஸ்வானாவும் ஜாம்பியா மாதிரி ஆகிவிடாதா?
— கல்லூரி மாணவி, மதுரை

பதில்: நியாயமான பயம்தான். ஏற்றுமதியில் பெரும் பங்கு வைரம். ஆய்வகத்தில் செய்த வைரம் சந்தைக்கு வந்ததும் விலை சரிந்தது, 2024இல் பொருளாதாரமே சுருங்கியது. படித்த இளைஞர்களுக்கு வேலை இல்லை. அந்தக் கோபத்தில் அதே வருடம், சுதந்திரத்திலிருந்து ஆண்ட கட்சியையே மக்கள் தோற்கடித்தார்கள். தோற்ற ஜனாதிபதி முடிவை ஏற்றுக்கொண்டார், சில நாட்களிலேயே ஜெயித்த டூமா போக்கோ பதவியேற்றார். துப்பாக்கிச் சத்தம் கேட்கவில்லை. ஜாம்பியாவிலும் 1991இல் ஜனாதிபதி கவுண்டா தேர்தலில் தோற்றதும் இறங்கிப் போனார். அந்த ஒரு விஷயத்தில் இரண்டு நாட்டுக்கும் நான் ஒரே மார்க்தான் போடுவேன்.