காரில் காத்திருந்தவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். மகளுக்கு ஏழு வயது, தனியாகத்தான் வளர்க்கிறேன். மாலைக் கருத்தரங்குகளில் பாதியில் எழுந்து போவதால் ‘உங்களுக்கு ஈடுபாடு போதவில்லை’ என்கிறார் நெறியாளர். ‘இந்த வயதில் இது எதற்கு?’ என்கிறார்கள் உறவினர்கள். சாதித்த பெண்களைப் பற்றிப் படித்தால் குற்றவுணர்ச்சிதான் மிஞ்சுகிறது. எனக்கு மன உறுதி போதாதோ?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

சாதித்தவர்களின் கதையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். வானியலாளர் வேரா ரூபின் 1954-இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கும்போது இரண்டு குழந்தைகளுக்குத் தாய். வகுப்பெல்லாம் இரவில். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கணவர் கொண்டுபோய் விட்டு, வகுப்பு முடியும்வரை காரிலேயே காத்திருப்பார். வீட்டில் குழந்தைகளை ரூபினின் அம்மா பார்த்துக்கொள்வார். ரூபின் மேதை, சந்தேகமில்லை. ஆனாலும் அந்தப் பட்டத்துக்கு இன்னும் இரண்டு பேரின் மாலைப்பொழுதும் செலவாகியிருக்கிறது. உங்கள் வீட்டில் அந்த மூன்று பேரும் நீங்களேதான். இதில் மன உறுதியை எங்கே போய் அளப்பது?

ஆய்வேட்டில் நேற்று விட்ட இடத்தைப் பிடிக்கவே அரை மணி நேரம் ஆகும். பிடித்த நேரம் பார்த்து ‘அம்மா, தண்ணி’ என்று குரல் வரும். மகப்பேறு விடுப்பு பல பல்கலைக்கழகங்களில் உண்டு. ஏழு வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன விடுப்பு? உதவித்தொகையின் கெடு மட்டும் யாருக்காகவும் நிற்பதில்லை.

1995-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஜெர்மன் உயிரியலாளர் கிறிஸ்டியான நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட் இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர். ஜெர்மனியில் 2004-இல் அவர் தொடங்கிய அறக்கட்டளை, குழந்தை உள்ள இளம் பெண் விஞ்ஞானிகளுக்குப் பணம் தருகிறது. எதற்கு? வீட்டு வேலைக்கு ஆள் வைக்க, பாத்திரம் கழுவும் இயந்திரம் வாங்க, குழந்தையைப் பார்த்துக்கொள்ள. (இந்தப் பட்டியலை எல்லா நெறியாளர்களுக்கும் அனுப்பிவைக்கலாம்.)

நெறியாளரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். கருத்தரங்கை நண்பகலுக்கு மாற்ற முடியுமா, இல்லையென்றால் இணையவழியில் கலந்துகொள்ளலாமா என்று எழுத்தில் கேளுங்கள். எந்தத் தேதிக்குள் எந்த இயலைத் தருவீர்கள் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். அப்புறம் ஈடுபாட்டை அதை வைத்து அளக்கட்டும். ‘பகுதிநேரமாக மாறிக்கொள்ளுங்களேன்’ என்று யாராவது சொன்னால், உடனே தலையாட்டாமல், உதவித்தொகை தொடருமா என்று விசாரியுங்கள். பல இடங்களில் அது முழுநேர மாணவர்களுக்கு மட்டும்தான்.

‘இது எதற்கு’ என்று கேட்கும் உறவினர்களுக்கு விளக்கம் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம். வாரத்தில் ஒரு மாலை மகளைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று திருப்பிக் கேளுங்கள். ஒருவராவது சரி என்று சொல்லக்கூடும்.