திக்குவாய்: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

எனக்கு 47 வயது. ஆறு வயதிலிருந்து திக்குகிறது. நான் மருத்துவன் இல்லை, அனுபவஸ்தன்.

கேள்வி: "உன்னை நீயே ஏற்றுக்கொள்" என்கிறார்கள். பயிற்சியெல்லாம் விட்டுவிட்டு இப்படியே இருப்பதா அண்ணா?

இல்லை தம்பி. பயிற்சி அதுபாட்டுக்கு நடக்கட்டும், ஒளிப்பதை மட்டும் விடுங்கள். எனக்கு 'ப' என்றாலே உதடு ஒட்டிக்கொள்ளும். ஓட்டலில் மனசு பொங்கல் கேட்கும், வாய் "இட்லி" என்றுவிடும். பத்து வருஷம் இப்படியே இட்லி தின்றேன். கூட வேலை செய்தவர்களுக்கு நான் திக்குவாய் என்றே தெரியாது. ஆனால் எனக்கு நாள் முழுக்க அதே நினைப்பு. ஜோசப் ஷீஹன் என்ற அமெரிக்க உளவியலாளர், அவரும் திக்கியவர்தான், இதைக் கடலில் மிதக்கும் பனிப்பாறை என்றார். வெளியே தெரிகிற திக்கல் கொஞ்சம், அடியில் கிடக்கும் பயமும் வெட்கமும்தான் பெரிசு. ஒருநாள் துணிந்து "ப்... ப்... பொங்கல்" என்றேன். சர்வர் "வடை வைக்கவா?" என்றார். அவ்வளவுதான்.

கேள்வி: நேர்காணலில் முன்கூட்டியே சொல்லிவிடலாமா?

சொல்லுங்கள். "எனக்குத் திக்கும், பதில் வரக் கொஞ்சம் நேரமாகும்" என்றால் போதும். மன்னிப்பெல்லாம் வேண்டாம். முதல் வாக்கியத்திலேயே வேண்டுமென்று ஒருதரம் திக்கிப் பாருங்கள். பேச்சுப் பயிற்சியாளர்களே சொல்லித் தரும் வழி அது, பாதி பயம் அங்கேயே போய்விடும்.

கேள்வி: பாடும்போது எனக்குத் திக்குவதில்லை. அப்போ மனசுதானே காரணம்?

இல்லை. மூளை பேச்சைக் கையாளும் விதத்தில் உள்ள வித்தியாசம் இது, பரம்பரைக்கும் பங்குண்டு. பயம் அதைக் கூட்டும், உண்டாக்காது.

கேள்வி: நாலு வயது மகனுக்குத் திக்குகிறது. மாமியார் வசம்பு தேய்க்கச் சொல்கிறார்.

வேண்டாம்மா. இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் தொடங்குவதுதான் வழக்கம், பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாகவே சரியாகிவிடும். வீட்டில் வேறு யாருக்காவது இருந்தாலோ, ஆறு மாதம் தாண்டினாலோ, பேசவே அவன் தயங்கினாலோ பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். "மெதுவா பேசுடா" என்று சொல்லாதீர்கள், அவன் வாக்கியத்தை நீங்கள் முடிக்காதீர்கள்.

கேள்வி: திக்குவாயால் ஏதாவது நன்மை?

அதை வரம் என்று சொல்லமாட்டேன். ஆனால் 'ப'வைத் தவிர்க்க வேறு சொல் தேடித் தேடியே ஒன்றுக்கு நாலு சொல் கைவசம் இருக்கிறது. குறுக்கெழுத்து என்றால் வீட்டில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பெயருக்குத்தான் மாற்றுச் சொல் இல்லை, என் பெயரும் 'ப'வில்தான் தொடங்குகிறது. போன வாரம் போனில் ஒரு பெண் பெயரைக் கேட்டுவிட்டு, "சார், லைன்ல இருக்கீங்களா?" என்றார்.

"இருக்கேம்மா, பெயர் வந்துட்டே இருக்கு."