அப்பாவின் பெயரில் நூலகத்துக்கு என்ன கொடுக்கலாம்?

கேள்வி: சென்ற ஆண்டு காலமான என் அப்பா, ஊர்ப் பொது நூலகத்துக்கு விடாமல் போய்வந்தவர். அவர் சேர்த்துவைத்த எண்ணூறு புத்தகங்கள் வீட்டில் இருக்கின்றன. அவர் நினைவாக நாங்கள் பிள்ளைகள் ஒரு தொகையும் ஒதுக்கியிருக்கிறோம். புத்தகங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, பணத்தில் ஒரு வாசிப்பு அறை கட்டித்தர நினைத்தோம். நூலகரோ "முதலில் பட்டியல் கொடுங்கள், பார்க்கலாம்" என்றதோடு சரி. அறை விஷயத்திலும் பிடிகொடுத்துப் பேசவில்லை. இலவசமாகக் கொடுப்பதை வாங்கிக்கொள்ள ஏன் இவ்வளவு தயக்கம்?

பதில்: நூலகர் மேல் வருத்தப்படாதீர்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். ஆனால் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுதான் நூலகரின் வேலையே.

உங்கள் எண்ணூறில் ஒரு புத்தகம் உள்ளே போனால் என்ன நடக்கும் என்று பாருங்கள். அது ஏற்கெனவே இருக்கிறதா என்று பட்டியலில் தேட வேண்டும். இல்லையென்றால் பதிவேட்டில் வரிசை எண், பொருளுக்கேற்ற வகைப்பாட்டு எண், பட்டியலில் பதிவு, முத்திரை, முதுகில் ஒட்டும் சீட்டு என்று நடக்கும். அதற்கப்புறம் அலமாரியில் இடம் தேட வேண்டும். விலைகொடுத்து வாங்கிய புத்தகத்துக்கு என்ன வேலையோ அதே வேலை இதற்கும் உண்டு. இதில் பூஞ்சை பிடித்த ஒரு பெட்டி வந்துவிட்டால், அந்தப் பெட்டியோடு போகாது. ராமபாணப் பூச்சியும் அப்படித்தான். அதனால்தான் புத்தகத்தைத் திறந்ததும் முகர்ந்து பார்க்கிறார்கள்.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். பழைய புத்தகம் ஒன்றில், எழுத்தில்லாத ஒரு மூலையை முன்னும் பின்னுமாக மெதுவாக மடியுங்கள். ஓரிரு மடிப்பிலேயே மூலை ஒடிந்து கையில் வந்தால், அந்தத் தாளின் ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் மரக்கூழில் செய்த மலிவுத் தாளில் அமிலம் தங்கிவிட்டதுதான் காரணம். பத்துப் பேர் கைமாறும் இரவல் பிரிவில் அந்தப் புத்தகம் தாங்காது. அரிய புத்தகத்தில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம்!

அறைக்கு வருவோம். நூலகத்துக்குப் பணம் கொடுத்தவர்களில் பெரிய பெயர், அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி. தான் பிறந்த, ஸ்காட்லாந்தின் டன்ஃபர்ம்லினில் 1883-இல் தொடங்கி, 1929 வரை உலகம் முழுவதும் அவர் பணத்தில் 2,509 நூலகங்கள் எழும்பின. அவர் கட்டடத்துக்கு மட்டும்தான் கொடுத்தார். இடத்தை ஊர் தர வேண்டும்; கொடுத்த தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஊரே ஒதுக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. அந்தப் பொறுப்புக்குப் பயந்து பணமே வேண்டாம் என்று சொன்ன ஊர்களும் உண்டு. ஏற்றுக்கொண்ட ஊர்கள் எல்லாமும் வாக்கைக் காப்பாற்றவில்லை. 1916-இல், கார்னகியின் நன்கொடை அமைப்பான கார்னகி நிறுவனத்துக்காக ஆல்வின் ஜான்சன் என்ற பொருளியல் அறிஞர் நூலகங்களை நேரில் பார்த்து அறிக்கை கொடுத்தார். கட்டடம் நிற்கிறது, ஆனால் தேறிய நூலகரும் நல்ல புத்தகங்களும் போதவில்லை என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டே புதிய கட்டட நன்கொடைகளை நிறுத்திவிட்டார்கள். பிற்பாடு நூலகர் பயிற்சிப் பக்கம் கவனம் திரும்பியது.

இந்திய நூலகவியலின் முன்னோடி எஸ். ஆர். ரங்கநாதன் பணம் கொடுக்கும்போதே இதை யோசித்திருந்தார். தம் சேமிப்பைக் கட்டடத்தில் போடாமல், சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் பேராசிரியர் பதவி ஒன்றை மனைவி சாரதா பெயரில் நிறுவக் கொடுத்தார்.

ஆக, அறை கட்டினால் அதற்கு விளக்கு, துப்புரவு, மேற்பார்க்க ஓர் ஆள், பத்து வருடம் கழித்து ஒழுகும் கூரை எல்லாம் யார் கணக்கில் என்ற கேள்வி வரும். உங்கள் நூலகர் மனசுக்குள் போட்டுப் பார்த்தது இந்தக் கணக்காகத்தான் இருக்கும். நன்றிக்குரிய மனிதர்களிடம் இதை வாய்விட்டுச் சொல்வது அவருக்குச் சங்கடம். நீங்களே எடுத்துக் கேட்டுவிடுங்கள்: "உங்கள் பட்ஜெட்டில் எப்போதும் முதலில் வெட்டு விழுவது எதற்கு?" பெரும்பாலும் இதழ் சந்தா, பைண்டிங், கிழிந்த குழந்தை நூல்களுக்கு மாற்று, மாலை நேரத்தில் கூடுதலாகத் திறந்துவைப்பது என்று ஏதாவது வரும். பார்க்கக் கவர்ச்சியாக இல்லாத செலவுகள்தான். என்னைக் கேட்டால் குழந்தைகள் பிரிவைத்தான் சொல்வேன். படப்புத்தகம் அளவுக்கு வேகமாகத் தேய்வது நூலகத்தில் வேறெதுவும் இல்லை. தேய்ந்திருந்தால் படிக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது, பணத்தை எப்படிக் கொடுப்பது. முதலைத் தொடாமல் வருமானத்தை மட்டும் செலவிடும் நிலைநிதி என்றால் கேட்க நன்றாக இருக்கும். கணக்குப் போட்டால்தான் சுருக்கென்று தைக்கும். விலைவாசியையும் ஈடுகட்டி நீடிக்க வேண்டுமென்றால் ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு போல எடுப்பதுதான் பொதுவாகப் பத்திரம். அப்படியானால், ஆண்டுக்கு ஆகும் ஒரு செலவை நிரந்தரமாக ஏற்க அதைப்போல 25 மடங்கு மூலதனம் வேண்டும். தொகை அவ்வளவு பெரிதில்லையென்றால் நிலைநிதி வேண்டாம். ஐந்து அல்லது பத்து ஆண்டுகளில் செலவழித்து முடிப்பதாக வைத்துக்கொண்டு, ஒரு வேலையை உருப்படியாகச் செய்யுங்கள். சொட்டுச் சொட்டாக வரும் சிறு வட்டியைக் கணக்கு வைக்கவே ஓர் ஆள் வேண்டியிருக்கும்.

யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். நூலகத்தை நடத்தும் அரசு அமைப்பின் பொதுக் கணக்கில் போட்டால், பணம் வேறு செலவோடு கலந்துவிட வாய்ப்புண்டு. தனிக் கணக்கு உண்டா, நூலகத்துக்கென்று பதிவு பெற்ற அறக்கட்டளையோ வாசகர் வட்டமோ இருக்கிறதா என்று விசாரியுங்கள். வரிச்சலுகை யார் கொடுக்கும் ரசீதுக்குக் கிடைக்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். கொடுக்கும் முன் ஒரு கணக்காளரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு வலை இருக்கிறது: நன்கொடை வருகிறதே என்று அரசு தன் பங்கைக் குறைத்துக்கொண்டால் நூலகத்துக்கு மிச்சம் பூஜ்யம். 1882-இல் இனாக் பிராட் என்ற வணிகர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துக்கு நூலகம் அமைக்கப் பெருந்தொகை தர முன்வந்தபோது, நகரம் ஆண்டுதோறும் 50,000 டாலர் தந்துகொண்டே இருக்க வேண்டும் என்று கட்டிப்போட்டார். அந்த அளவுக்கு உங்களால் முடியாது. ஆனாலும் "வழக்கமான ஒதுக்கீட்டுக்கு மேலாக" என்று நன்கொடைக் கடிதத்தில் ஒரு வரி எழுதலாம்.

அதே கடிதத்தில் நோக்கத்தைத் தெளிவாகவும் தளர்வாகவும் எழுதுங்கள். ஒலிநாடா வாங்க மட்டும் என்று எழுதிவைத்த நிதியை இன்று வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? "இத்தேவை இல்லாமல் போனால் இதற்கு நெருங்கிய வேறு தேவைக்கு நூலகர் செலவிடலாம்" என்று சேர்த்துவிடுங்கள். பெயர்ப்பலகையோ புத்தக உள்ளட்டையில் அப்பா பெயர்ச் சீட்டோ வேண்டுமென்றால் கூச்சப்படாமல் கேளுங்கள். எத்தனை ஆண்டுக்கு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மின்னூல் வாங்கித் தரலாமே என்று யாராவது யோசனை சொல்லலாம். நூலகங்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது சொந்தப் பிரதி அல்ல, இரவல் கொடுக்கும் உரிமம்தான். ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் 2011-இல், 26 முறை இரவல் கொடுத்ததும் உரிமம் முடியும் என்று விதித்தது. ஆகவே இதுவும் திரும்பத் திரும்ப வரும் செலவுதான்.

சரி, அந்த எண்ணூறு புத்தகங்கள்? நூலகர் கேட்ட பட்டியலைப் போட்டுக் கொடுங்கள்: தலைப்பு, ஆசிரியர், பதிப்பு ஆண்டு, நிலை. அவர் பத்துப் பதினைந்து தேர்ந்தெடுத்தாலும் நல்லதுதான். வேண்டாதவற்றை விற்கவோ வேறிடம் அனுப்பவோ அவருக்கு உரிமை உண்டு என்று முன்பே ஒப்புக்கொள்ளுங்கள், பிறகு போய் "அப்பா புத்தகம் எங்கே?" என்று கேட்கக் கூடாது. ஒரே துறையில் ஆழமாகச் சேர்த்த நூல்கள், சிற்றிதழ்த் தொகுதிகள், உள்ளூர் வரலாறு இருந்தால் பொது நூலகத்தைவிட ஆய்வு நூலகம் ஆவலோடு பார்க்கும். அவற்றைப் பிரிக்காமல் ஒன்றாகவே காட்டுங்கள். ஓரத்தில் அப்பா குறிப்பு எழுதியவற்றை முதலில் தனியே எடுத்து, உடன்பிறந்தவர்களுக்குள் பிரித்துக்கொள்ளுங்கள். இரவல் பிரிவில் அதைக் கிறுக்கல் என்றுதான் கழிப்பார்கள்.