புரொஜெக்டர் கைவிட்டால் என்ன செய்வது?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை நான். தாமிரபரணிப் பாசனம் பற்றி முப்பது ஸ்லைடுகளோடு வகுப்புக்குப் போனேன். புரொஜெக்டரில் படமே விழவில்லை. கேபிளோடு மல்லுக்கட்டியதிலேயே அரை மணி நேரம் போய்விட்டது. அடுத்த மாதம் பாளையங்கோட்டையில் அறுபது ஆசிரியர்கள் முன்னால் இதே தலைப்பில் பேச வேண்டும். எப்படித் தயாராவது?

பதில்: அந்த அரை மணி நேரம்தான் என்னை வருத்தியது, அம்மா. கருவி எப்போது மக்கர் செய்யும் என்பது நம் கையில் இல்லை. அதற்கு எத்தனை நிமிடம் கொடுப்பது என்பது நம் கையில்தான் இருக்கிறது. மூன்று நிமிடம் கொடுங்கள். கேபிள் இரு முனையிலும் இறுகியிருக்கிறதா, புரொஜெக்டரில் சரியான இணைப்பு தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் விசையோடு 'பி' எழுத்தை அழுத்தி 'டூப்ளிகேட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போதும் படம் வராவிட்டால் கரும்பலகைக்குப் போய்விடுங்கள்.

உங்கள் பாடம் கரும்பலகைக்கென்றே பிறந்தது. ஆறு பிறக்கும் பொதிகை இடது ஓரம், கடலில் சேரும் புன்னைக்காயல் வலது ஓரம். நடுவே ஆறு ஒரே கோடு. குறுக்கே எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். சுத்தமல்லிக்கும் மருதூருக்கும் இடையில், சீவலப்பேரி அருகே சிற்றாறு வந்து சேர்கிறது. அரியநாயகிபுரத்தில் கோடகன் கால்வாய், பழவூரில் பாளையங்கால்வாய், சுத்தமல்லியில் நெல்லைக் கால்வாய் பிரிகின்றன. பாளையங்கால்வாயை வரையும்போது கொஞ்சம் நிறுத்தி, அது எந்தெந்தத் தெரு வழியாகப் போகிறது என்று கேளுங்கள். அரங்கில் பாதிப் பேர் பதில் சொல்வார்கள். முப்பது ஸ்லைடுகளால் அதைச் செய்ய முடியாது. குறிப்பைப் பார்க்காமல் இந்தப் படத்தைப் பத்து நிமிடத்தில் போட வீட்டிலேயே இரண்டு முறை பழகிக்கொள்ளுங்கள்.

வரைந்து காட்ட முடியாத புகைப்படங்கள் மூன்று நான்கு இருக்கும். அவற்றை மட்டும் பெரிய தாளில் வண்ணத்தில் அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள்.

தமிழில் ஸ்லைடு தயாரிப்பவர்களுக்கென்று தனியாக ஒரு தொல்லை உண்டு. களக்காடு பக்கம் ஒரு பயிற்சி வகுப்பில், புரொஜெக்டர் நன்றாக வேலை செய்தும் என் ஸ்லைடுகளில் ஒரு வரியைக்கூடப் படிக்க முடியவில்லை. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தேன். அங்கிருந்த கணினியில் அது இல்லை. திரை முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். அன்றிலிருந்து, கணினிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்து முறையான யூனிகோடில் மட்டுமே தட்டச்சு செய்கிறேன், பி.டி.எஃப். பிரதி இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை. பி.டி.எஃப். கோப்புக்குள் எழுத்துருவும் சேர்ந்தே போய்விடுவதால் எந்தக் கணினியிலும் எழுத்து மாறாது. ஒரு பிரதி பென்டிரைவில், ஒன்று உங்கள் மின்னஞ்சலில், ஒன்று முந்தைய நாளே ஏற்பாட்டாளரிடம் இருக்கட்டும்.

அவரிடம் பேசும்போதே அங்குள்ள புரொஜெக்டரில் எச்.டி.எம்.ஐ. துளை உண்டா, பழைய வி.ஜி.ஏ. மட்டும்தானா என்று கேட்டுவிடுங்கள். இப்போதைய மடிக்கணினிகள் பலவற்றில் வி.ஜி.ஏ. கிடையாது, சிறிய அடாப்டர் ஒன்று வேண்டும். அது உங்கள் சொந்தமாக, உங்கள் பையிலேயே இருப்பது நல்லது.

அடுத்தது மின்சாரம். மாதாந்திரப் பராமரிப்புக்காகத் துணை மின் நிலையங்களில் மின்சாரம் நிறுத்தப்படும் நாள் செய்தித்தாளில் முன்கூட்டியே வரும். நிறுத்தம் பெரும்பாலும் காலை 9 மணிக்கே தொடங்கிவிடும். உங்கள் நாள் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மடிக்கணினி பேட்டரியில் ஓடும், புரொஜெக்டர் ஓடாது. விளக்கு வகைப் புரொஜெக்டர்கள் பலவும் 200 முதல் 300 வாட் வரை இழுப்பதால் சிறிய யு.பி.எஸ். அதிக நேரம் தாங்காது.

மைக் நின்றால் கவலை வேண்டாம். மேடையிலிருந்து இறங்கி நடு வரிசைக்கு வந்து நின்றால் அறுபது பேருக்குக் குரல் கேட்கும்.

உங்கள் பள்ளிப் புரொஜெக்டரின் காற்று வடிகட்டியைத் திறந்து பாருங்கள். ஆனி, ஆடிக் காற்றில் ஏறும் புழுதி அதை அடைத்தால் உள்ளே சூடேறி கருவி தானாக அணைந்துவிடும். தூசியைத் தட்டிச் சுத்தம் செய்ய ஐந்து நிமிடம் போதும்.

பேச்சின் நடுவில் போன மின்சாரம் திரும்பி வந்தால் உடனே புரொஜெக்டரைப் போடாதீர்கள். சூடான விளக்கு ஆறும்வரை பல கருவிகள் எரியாது. கரும்பலகையில் தொடங்கிய ஆற்றை ஸ்ரீவைகுண்டம் தாண்டிக் கடல்வரை கொண்டுபோய்ச் சேருங்கள். புகைப்படங்களை அதற்குப் பிறகு திரையில் காட்டலாம்.