முகத்துக்குப் போன் திறக்கிறது, வங்கி ஆப் ஏன் திறக்கவில்லை?

கேள்வி: கச்சான் உடைத்தே தேய்ந்த விரல்கள் என் அம்மாவுக்கு. போனில் கைரேகை பிடிக்காததால் முகத்தைப் பதிந்து கொடுத்தோம். போன் உடனே திறக்கிறது; வங்கி ஆப் மட்டும் கைரேகைதான் வேணும் என்கிறது. போனில் பழுதா?
– வாசகி, மாங்குளம்

பதில்: பழுதில்லை. விலை குறைந்த அன்ட்ரொயிட் போன்கள் பெரும்பாலும் முன் கமெராவில் விழும் தட்டையான படத்தைத்தான் ஒப்பிடுகின்றன. அவற்றில் சில, ஒரு நல்ல புகைப்படத்தைக் காட்டினாலே திறந்துவிடும். அன்ட்ரொயிட் இந்தப் பூட்டுகளை மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது. 100 ஏமாற்று முயற்சியில் 7க்கு மேல் உள்ளே விடாததுதான் வலுவான 3ஆம் வகுப்பு. வங்கி ஆப்கள் பொதுவாக அதை மட்டுமே நம்பும். கைரேகை பொதுவாக அதில் சேரும்; தட்டைப் படத்தை ஒப்பிடும் முகப்பூட்டு பெரும்பாலும் சேராது. ஐபோனில் கதை வேறு: 2017இல் வந்த ஐபோன் எக்ஸ் முதல், 30,000க்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தில் வீசி மூக்கு, கன்னத்தின் மேடுபள்ளத்தையே அளக்கிறார்கள்.

அம்மாவின் கைரேகையைக் கைவிட வேண்டாம். கச்சான் உடைக்கப் பெருவிரலும் சுட்டுவிரலும்தான் தேயும். இடது கை மோதிர விரலைப் பதியுங்கள். கையைக் கழுவித் துடைத்து, சென்சரையும் துடைத்துவிட்டு, போன் விட்டால் அதே விரலை இரண்டு மூன்று தனிப்பதிவுகளாக ஏற்றினால் பிடிக்கும் வாய்ப்புக் கூடும். அப்படியும் முடியாவிட்டால் ஆப்பின் இரகசிய எண்ணே போதும். உதவிக்கென்று உங்கள் விரலை அம்மாவின் போனில் பதிய வேண்டாம். பதிந்த எந்த விரலும் அம்மாவின் கணக்கைத் திறக்கக்கூடும்.

கேள்வி: ஆப் மூலம் புதுக் கணக்குத் திறக்கும்போது 'முகம் பொருந்தவில்லை' என்றே வருகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், நெடுங்கேணி

பதில்: இங்கே ஒப்பிடுவது உங்கள் அடையாள அட்டைப் படத்தோடு. பள்ளிக்கூடக் காலத்தில் எடுத்த, நிறம் மங்கிய படம் என்றால் தடுமாறும். அட்டையைக் கருமையான மேசையில் வைத்து, பிளாஷை அணைத்துப் படமெடுங்கள். பிளாஷ் வெளிச்சம் பிளாஸ்டிக்கில் பட்டுத் தெறித்தால் முகமே தெரியாது. பிறகு விறாந்தை நிழலில் வெளியைப் பார்த்து நில்லுங்கள். வெயில் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் கறுத்துப்போகும். தொப்பி, தலையில் கட்டிய துவாய் எதுவும் வேண்டாம். போனைக் கண்மட்டத்தில் பிடித்து, கண்ணைச் சிமிட்டவோ தலையைத் திருப்பவோ சொன்னால் ஆறுதலாகச் செய்யுங்கள். முன்னால் இருப்பது படமல்ல, உயிருள்ள ஆள்தான் என்பதை அப்படித்தான் பார்க்கிறார்கள். மூன்று தரம் தவறினால் விட்டுவிட்டு, அட்டையோடு கிளைக்கே போங்கள்.

நீங்கள் கேட்காமலே யாராவது வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, வீடியோ அழைப்பில் முகத்தைக் காட்டித் தலையைத் திருப்பச் சொன்னால் உடனே துண்டியுங்கள். உங்கள் பெயரில் வேறெங்கோ கணக்குத் திறக்க அந்த அசைவுகள்தான் அவர்களுக்கு வேண்டியது.