நாலு லட்சம், அறுபது நாள், இரண்டு பேர்

வாசகர் கேள்வி - பதில்: வெளிநாட்டுப் பயணம்

கேள்வி: எனக்கு 36 வயது, மனைவிக்கு 33. ஒரு வேலையை விட்டு அடுத்ததில் சேருவதற்குள் இரண்டு மாதம் வெளிநாட்டில் தங்கி வர நினைக்கிறோம். 2027 பிப்ரவரி நடுவில் கிளம்பி ஏப்ரல் நடுவில் திரும்பவேண்டும். மொத்தம் 4 லட்சம் ரூபாய் இருக்கிறது. பாலி, தாய்லாந்து, இலங்கை, வியட்நாம் நாலும் மனசில் உள்ளன. நாலையும் பார்க்கலாமா, ஒன்றில் நிற்கலாமா? மனைவி சைவம்.
- வாசகர், நாமக்கல்

பதில்: ஒன்றில் நில்லுங்கள். நாலு நாடு என்றால் நடுவில் மூன்று தடவை ஆளுக்கொரு விமான டிக்கெட், ஒவ்வொரு தடவையும் பெட்டிக்குத் தனிக் காசு, இறங்கியதும் புது சிம், புது நோட்டு. சாப்பாட்டுக்கும் ரூமுக்கும் போகவேண்டிய பணம் இடம் மாறுவதிலேயே கரைந்துவிடும்.

நாட்டைப் படம் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் தேதிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அந்த நாட்களில் எங்கே மழை, எங்கே புகை, எங்கே விசா நாள் பற்றாது என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வாருங்கள். பாலியில் மழைக்காலம் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீளும். உங்கள் பயணத்தில் பெரும்பகுதி அதற்குள் வருகிறது. அங்கே போய் இறங்கி வாங்கும் விசா 30 நாளுக்குத்தான். ஆளுக்கு 5 லட்சம் இந்தோனேசிய ருப்பியா. ஒரே ஒரு முறை இன்னொரு 30 நாள் நீட்டலாம், அதற்கும் தனிக் கட்டணம். தாய்லாந்தின் வடக்கே, சியாங் மாய் பக்கம், பிப்ரவரி கடைசியிலிருந்து வயலையும் காட்டையும் எரிக்கும் புகை மூட்டம். தெற்கே தீவுகளில் அது சீசன், ரூம் விலை ஏறியிருக்கும். இலங்கையில் தென்கரைக்கும் மலையகத்துக்கும் அது அருமையான காலம், சார்க் (தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பு) நாட்டவர் என்பதால் சிகிரியா போன்ற இடங்களில் நுழைவுக் கட்டணமும் குறைவு. ஆனால் முதலில் கிடைப்பது 30 நாள் அனுமதி. மூன்று வாரம் என்று கேட்டிருந்தால் யோசிக்காமல் இலங்கை என்றே சொல்லியிருப்போம்.

அறுபது நாளுக்கு வியட்நாம்தான் சரிப்பட்டு வரும். 2023 ஆகஸ்ட் 15 முதல் அங்கே இ-விசா 90 நாள் வரை தருகிறார்கள். ஒரு முறை நுழைய 25 டாலர், பல முறை என்றால் 50 டாலர். நடுவில் கம்போடியாவுக்குப் போய்த் திரும்பும் ஆசை துளியாவது இருந்தால் 50 டாலர் விசாவையே வாங்குங்கள். ஒரு முறை விசா, நாட்டை விட்டு வெளியேறிய நிமிடத்தோடு முடிந்துவிடும்.

இனி திசை. எங்கே தொடங்குவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஹனோயில் இறங்கித் தெற்கே வருவது வழக்கம், ஆனால் உங்கள் தேதிகளுக்கு அது தலைகீழ். 2027-இல் அவர்களுடைய புத்தாண்டான தெத் பிப்ரவரி 6. அதற்கு முன்பின் ஒரு வாரம் கடைகள் மூடிக் கிடக்கும். ஊருக்குப் போனவர்கள் அது முடிந்து வேலைக்குத் திரும்புவது பெரும்பாலும் தெற்கே சைகோன் (ஹோ சி மின் நகரம்) பக்கமாக. தெற்கு நோக்கிவரும் ரயிலும் பஸ்ஸும் அந்த நாட்களில் நிரம்பி வழியும், வடக்கே போகும் வண்டிகளில் அந்த நெரிசல் இருக்காது. வானிலையும் அதே பக்கம்தான் கை காட்டுகிறது. பிப்ரவரியில் ஹனோய் குளிரும் தூறலுமாக இருக்கும், துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. சைகோனில் அப்போது நல்ல வெயில். மார்ச்சில் நடுப்பகுதியான ஹோய் ஆன், தா நாங், ஹுவே காய்ந்து தெளிந்திருக்கும். மார்ச் கடைசியில் வடக்கும் இதமாகிவிடும். அதனால் சைகோனில் இறங்கி ஹனோயில் விமானம் ஏறுங்கள்.

செலவுக்கு வருவோம். வந்துபோகும் விமானம், பெட்டியோடு சேர்த்து, இருவருக்கும் 60,000. விசா, காப்பீடு 15,000. அவசரத்துக்கு 45,000 ஒதுக்கி, அதைத் தொடாமல் வையுங்கள். மீதி 2,80,000 ரூபாயை அறுபதால் வகுத்தால் நாளுக்கு ஏறத்தாழ 4,650. ஒரு ரூபாய்க்கு சுமார் 280 வியட்நாம் டாங் என்ற கணக்கில், சுத்தமான விடுதியில் இருவருக்கான ரூம் 4 லட்சம் டாங், அதாவது 1,400 ரூபாய். சாப்பாடு 1,200, உள்ளூர்ப் போக்குவரத்து 400. எஞ்சும் 1,650-இல் ரயில், நுழைவுச் சீட்டு, துணி துவைக்கக் கொடுப்பது எல்லாம் அடங்கும். இந்தக் கணக்கு ஒரே ஒரு காரணத்தால்தான் உடையும்: இரண்டு நாளுக்கொரு ஊர் மாறுவது. அறுபது நாளுக்கு ஆறு ஊருக்கு மேல் வைக்காதீர்கள்.

அதில் ஓர் ஊரில் மாத வாடகை எடுங்கள். தா நாங் அதற்கு வசதி. கடற்கரையிலிருந்து நாலைந்து தெரு தள்ளி, சின்ன அடுக்களையோடு ஓர் அறை வீடு மாதம் 70 லட்சம் முதல் 1 கோடி டாங்குக்குள், நம் காசில் 25,000 முதல் 36,000-க்குள் தேடலாம். படத்தை மட்டும் பார்த்து ஊரிலிருந்தே பணம் அனுப்பவேண்டாம். மூன்று நாள் விடுதியில் தங்கி, நேரில் பார்த்துப் பேசுங்கள். கரண்டுக்குத் தனியாக யூனிட்டுக்கு 3,500 முதல் 4,000 டாங் வாங்குவார்கள். ஏசி ஓடினால் இது கணிசமாக ஏறும். குடிபுகும் அன்றே மீட்டரைப் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள், கடைசி நாள் வாக்குவாதம் இருக்காது. நீங்கள் தங்குவதை வீட்டுக்காரர் போலீஸில் பதிந்தாகவேண்டும். அதற்குத் 'தாம் ச்சூ' என்று பெயர். "தாம் ச்சூ போடுவீர்களா?" என்று கேட்டு, மழுப்புகிறவர் வீட்டை விட்டுவிடுங்கள்.

தா நாங்கிலிருந்து ஹுவேக்கு ரயிலில் போங்கள். நூறு கிலோமீட்டர் சொச்சம், மூன்று மணி நேரம், ஹாய் வான் மலையைச் சுற்றிக் கடலை ஒட்டியே போகும். வடக்கே போகும்போது கடல் வலப்பக்கம், டிக்கெட் எடுக்கும்போதே அந்தப் பக்கம் கேளுங்கள். இரவு ரயிலில் ஆறு படுக்கைப் பெட்டி மலிவு. ஆனால் மேல் படுக்கையில் நிமிர்ந்து உட்கார முடியாது, கீழும் நடுவும் எடுங்கள். ஹோய் ஆனில் இருக்கும்போது மி சோனுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். பழைய சம்பா நாட்டு அரசர்கள் சிவனுக்கு எழுப்பிய செங்கல் கோயில்கள், சுமார் 40 கிலோமீட்டர். காலை எட்டு மணிக்குள் போனால் வெயிலும் கூட்டமும் இல்லாமல் பார்க்கலாம்.

மனைவியின் சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், ஆனால் ஒரு சொல் தெரிந்திருக்கவேண்டும். 'ஆன் ச்சாய்' என்றால் சைவம் சாப்பிடுகிறேன். பலகையில் சி, எச், ஏ, ஒய் என்ற நாலு எழுத்து இருந்தால் அது சைவக் கடை. பௌத்தர்கள் அவர்கள் மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, சைவம் சாப்பிடுவார்கள். அன்று வழக்கமான கடைகளில்கூடச் சைவம் கிடைக்கும். மற்றக் கடைகளில் "கறி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது. கீரை வதக்கலிலும் மீன் சாறு ஊற்றுவார்கள், நூடுல்ஸ் சூப்பின் தண்ணீரே எலும்பு வேகவைத்ததுதான்.

கேள்வி: என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கிறது. கணவருடையதில் மாமனார் பெயர் குடும்பப் பெயராக உள்ளது. விசா, டிக்கெட்டில் சிக்கல் வருமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: வரும். நம் ஊர்க்காரர்களுக்கு விமான நிலைய கவுண்டரில் அதிகம் இடிப்பது இதுதான். பாஸ்போர்ட்டின் படம் உள்ள பக்கத்தில் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கும். கருவி படிப்பது அதைத்தான். முதல் வரியில் பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில் விசாவிலும் இருக்கட்டும். டிக்கெட்டில் சில நிறுவனங்கள் பெயரை இரண்டு கட்டத்திலும் திரும்ப எழுதச் சொல்கின்றன, சில வேறு மாதிரி. டிக்கெட் எடுக்கும் முன்பே நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலை எடுத்துச் செல்லுங்கள். கணவர் பெயரை நீங்களாகச் சேர்க்காதீர்கள். பாஸ்போர்ட்டில் இல்லாத ஒரு சொல் விசாவில் இருந்தாலும் அது வேறொருவர் விசா ஆகிவிடும்.

ஒரே சொல்லில் பெயர் உள்ளவர்களை, 2022 நவம்பர் 21 முதல் ஐக்கிய அரபு அமீரகம் சுற்றுலா விசாவில் ஏற்பதில்லை. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்போம் என்று பிறகு தளர்த்தினார்கள். துபாய் வழியாக வெளியே இறங்கிப் போகும் திட்டம் இருந்தால் இதைப் பாருங்கள். பயணத்துக்கு நாலைந்து மாதம் இருக்கிறது என்றால் பெயரைப் பிரித்து பாஸ்போர்ட்டை மறுவழங்கல் செய்துகொள்வதே நிம்மதி. பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகம் சாதாரண முறையில் 1,500 ரூபாய்.

வியட்நாம் இ-விசாவில் இன்னும் இரண்டு. அரசுத் தளத்தின் முகவரி ஜிஓவி டாட் விஎன் என்றுதான் முடியும், அதே மாதிரி தோற்றத்தில் நாலு மடங்கு வாங்கும் தனியார் தளங்கள் நிறைய. அடுத்து, விசா தொடங்கும் தேதிக்கு ஒரு மணி நேரம் முன்னால் இறங்கினாலும் உள்ளே விடமாட்டார்கள். நள்ளிரவை ஒட்டிய விமானங்களில் தேதி குழம்பும், அதனால் தொடக்கத் தேதியை ஒரு நாள் முன்னதாகவே போடுங்கள். கட்டிய பணம் திரும்ப வராது. அனுப்பும் முன் ஒருவர் படிக்க, மற்றவர் பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சரி பாருங்கள்.

கேள்வி: பணத்தை எப்படிக் கொண்டு போவது?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இருவரும் வெவ்வேறு வங்கியின் கார்டு வைத்திருங்கள், ஒரே பர்சில் வைக்காதீர்கள். வெளிநாட்டுச் செலவுக்குப் பல கார்டுகள் 3.5 சதவீதமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடிக்கின்றன. 10,000 ரூபாய்க்கு 413 ரூபாய் போகும். இதைப் பிடிக்காத கார்டுகளும் உண்டு. இரண்டு மாதப் பயணத்துக்கு அப்படி ஒன்று வாங்கிக்கொள்வது லாபம். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஊரிலேயே திறந்துவிட்டுப் போங்கள். ஓடிபி வருவதற்காக இருவரில் ஒருவருடைய நம் ஊர் சிம்மில் ரோமிங் போட்டு, திரும்பும் நாள் வரை ரீசார்ஜ் இருக்கிறதா பாருங்கள்.

ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் "ரூபாயில் கழிக்கட்டுமா?" என்று திரையில் வந்தால், வேண்டாம் என்று அந்நாட்டுப் பணத்தையே அழுத்துங்கள். ரூபாய் என்று அழுத்தினால் அவர்கள் வைக்கும் விலைக்குத்தான் மாற்றுவார்கள். தாய்லாந்தில் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு தடவையும் 220 பாட் அல்லது அதற்கு மேல் போகும், சிறுகச் சிறுக எடுக்காதீர்கள்.

வியட்நாம் நோட்டில் ஒரு பொறி. 20,000 டாங்கும் 5,00,000 டாங்கும் இரண்டுமே நீலம், இரண்டிலும் ஹோ சி மின் முகம், இரண்டும் வழவழப்பான பிளாஸ்டிக். ஐந்து லட்சம் கொஞ்சம் நீளம், அவ்வளவே. ஒன்று 70 ரூபாய், இன்னொன்று 1,750. மங்கிய வெளிச்சத்தில் டாக்ஸியில் கொடுத்துவிட்டால் போனது போனதுதான். ஐந்து லட்சம் நோட்டுகளைத் தனி உறையில் வையுங்கள். கணக்குக்கு, மூன்று சைபரைத் தள்ளி மூன்றரையால் பெருக்கினால் ரூபாய்.

கேள்வி: இந்தியாவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டு போய் வியட்நாமில் பைக் ஓட்டலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: முடியாது. நாம் தருவது 1949 ஜெனீவா ஒப்பந்தத்தின்படியான அனுமதி, வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்தத்தின்படியானது. கடைக்காரர் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு வண்டியைக் கொடுத்துவிடுவார், அது அனுமதி ஆகாது. கீழே விழுந்தால் செல்லுபடியாகும் உரிமம் இல்லை என்று காப்பீட்டு நிறுவனம் ஆஸ்பத்திரிச் செலவைத் தராது. இருவர் போகும் வண்டியில் அடி இருவருக்கும் என்பதை மறக்காதீர்கள். மலைப்பாதைகளுக்கு ஓட்டுநரோடு பைக் கிடைக்கிறது, ஆளுக்கொன்று எடுங்கள். ஊருக்குள் செயலியில் கூப்பிடும் பைக் டாக்ஸி போதும்.

கேள்வி: சிங்கப்பூர் வழியாகத் தனித்தனி டிக்கெட் எடுத்தால் மலிவாக வருகிறது. எடுக்கலாமா? என் மனைவியின் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் (சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி தேவை என்ற) முத்திரை இருக்கிறது.
- வாசகர், அறந்தாங்கி

பதில்: தனித்தனி டிக்கெட் என்றால் பொதுவாகப் பெட்டியை நடுவில் எடுத்து மறுபடி போடவேண்டும். அதற்குக் குடியேற்றத்தைத் தாண்டி வெளியே வரவேண்டும், சிங்கப்பூரில் அதற்கு நமக்கு விசா வேண்டும். கோலாலம்பூர் வழி என்றால், 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு 30 நாள் விசா இல்லாத நுழைவு இருப்பதால் சிக்கல் குறைவு. இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகைப் படிவத்தை நிரப்பவேண்டும். டிக்கெட் எடுக்கும் அன்று அந்தச் சலுகை தொடர்கிறதா என்று மலேசியக் குடியேற்றத் துறையின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா மூன்றும் ஈசிஆர் பட்டியலில் உள்ளன, வியட்நாம் இல்லை. சுற்றுலாவுக்குப் போகிறவருக்குத் தடை கிடையாது. ஆனால் வேலைக்குப் போகிறாரோ என்று நம் விமான நிலையத்தில் விசாரிப்பார்கள். திரும்பும் டிக்கெட், ரூம் பதிவு, கல்யாணச் சான்றிதழ் நகல் மூன்றையும் மனைவியின் கைப்பையிலேயே காகிதமாக வையுங்கள். வரிசையில் இருவரும் சேர்ந்தே நில்லுங்கள். அவர் பத்தாவது தேறியிருந்தால் அந்தச் சான்றிதழைக் காட்டி ஈசிஆர் இல்லாத பாஸ்போர்ட்டாக மாற்ற இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.