சில்காவில் மறுபடியும் மெடிக்கல்: தரகருக்குப் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகன் கடற்படை அக்னிவீர் தேர்வில் எழுத்து, ஓட்டம், மருத்துவப் பரிசோதனை மூன்றிலும் தேறிவிட்டான். ஒடிசாவில் இருக்கும் ஐ.என்.எஸ். சில்காவுக்கு வரச் சொல்லி அழைப்பு வந்திருக்கிறது. அங்கே மறுபடியும் மெடிக்கல் உண்டாம். "அதில்தான் கழித்துக்கட்டுவார்கள். இரண்டு லட்சம் கொடுங்கள், பார்த்துக்கொள்கிறேன். தேறாவிட்டால் பணம் வாபஸ்" என்கிறார் ஒருவர். பையன் முன்னங்கையில் அம்மா பெயரைப் பச்சை குத்தியிருக்கிறான், அதுவும் பயமாக இருக்கிறது. சில்கா என்பது என்ன இடம்? பணம் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஒரு ரூபாய்கூட.

அந்த 'வாபஸ்' என்ற வார்த்தையில்தான் மொத்த வித்தையும் இருக்கிறது. அவர் பத்துப் பையன்களிடம் பணம் வாங்குவார். சில்காவில் எவரையும் அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். கடற்படை மருத்துவர்களே ஒருமுறை பார்த்துத் தேற்றிய பையன்கள் என்பதால் பெரும்பாலும் தாங்களாகவே தேறிவிடுவார்கள். அந்தப் பணம் அவருக்கு. தேறாத பையனின் அப்பாவிடம் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, "நாணயமானவர்" என்ற பெயரையும் வாங்கிக்கொள்வார். உங்கள் மகனின் உழைப்பை உங்களுக்கே விற்கிறார், அவ்வளவுதான்.

கணக்கையும் பாருங்கள். அக்னிவீருக்கு முதல் வருடம் மாதம் 30,000 ரூபாய். அதில் 9,000 சேவா நிதிக்கு, அதாவது நான்கு வருடம் முடிந்ததும் மொத்தமாகத் தரும் தொகைக்கு, பிடித்தம் போக, கைக்கு வருவது 21,000. நீங்கள் கொடுக்கப்போகும் இரண்டு லட்சம் பையனின் ஒன்பதரை மாதச் சம்பளம். "நிரந்தர அரசு வேலை" என்றும் அவர் சொல்லியிருந்தால் அதையும் நம்பாதீர்கள். பணி நான்கு வருடம். அதன்பின் ஒரு தொகுப்பில் 25 சதவீதம் பேர் வரைதான் தொடர முடியும்.

சரி, சில்கா என்ன இடம்? 1947-க்கு முன் கடற்படைக்குச் சேரும் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்த முக்கியமான பள்ளிகள் கராச்சியில் இருந்தன. பிரிவினையில் அவை பாகிஸ்தானுக்குப் போய்விட்டன. நம் பக்கம் விசாகப்பட்டினத்தில் சிறுவர் பயிற்சி நிலையம் வந்தது. பிறகு 1980 பிப்ரவரி 21-ஆம் தேதி சில்கா ஏரிக்கரையில் இந்தத் தளம் தொடங்கப்பட்டது. இன்று மாலுமியாகச் சேரும் எல்லோரும் முதலில் மிதிக்கும் மண் அதுதான். அணிவகுப்பு, நீச்சல், துடுப்புப் படகு, ஆயுதம், கடற்படை ஒழுங்கு எல்லாம் அங்கேதான் ஆரம்பம். ஏரி உப்புநீர்தான் என்றாலும் கடல் அலை கிடையாது, புதுப் பையன்கள் படகு பழக நல்ல இடம். முதல் அக்னிவீர் தொகுப்பில் சுமார் 2,600 பேர் 2023 மார்ச் 28 அன்று அங்கே பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். அதில் 273 பேர் பெண்கள். அங்கிருந்து கப்பலில் கடல் பயிற்சி, அப்புறம் அவரவர் பிரிவுக்கான பயிற்சி.

அது வெறும் பயிற்சி முகாம் இல்லை, ஆளைப் படையில் சேர்க்கும் இடமும் அதுதான். உங்கள் மகன் இன்றுவரை கடற்படை ஆள் இல்லை, தேர்வு பெற்றவர் மட்டுமே. சில்காவில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மாலுமி. அதனால் சேர்க்கும் முன் ஒருமுறை உடம்பைப் பார்க்கிறார்கள். சதியும் இல்லை, பணம் பறிக்கும் ஏற்பாடும் இல்லை.

அதற்குத் தயாராவது சுலபம். காதில் குறும்பி அடைத்திருந்தால் செவிப்பறையைப் பார்க்க முடியாது, நல்ல காது உள்ள பையனுக்கே சிக்கல் வரும். இப்போதே காது மருத்துவரிடம் போய்ச் சுத்தம் செய்யுங்கள், ஊக்கு, தீக்குச்சி எதையும் விடவேண்டாம். பல்லில் காரை இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

பச்சை விஷயத்துக்கு வருவோம். முன்னங்கையின் உட்புறத்தில், அதாவது முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரை இருந்தால் அனுமதி உண்டு. புறங்கையிலும் உண்டு. தோள், மார்பு, கழுத்து என்றால் கிடையாது. முன்னங்கையின் வெளிப்புறம் என்றாலும் இந்த விதிக்குள் வராது. அதனால் உள்ளங்கையை மேலே திருப்பிப் பாருங்கள், அப்போது எழுத்து முழுதாகத் தெரிந்தால் கவலை இல்லை. பழங்குடி மக்களின் வழக்கப்படி குத்திய பச்சைக்குத் தனி விலக்கு இருக்கிறது, ஆனால் அது தானாகக் கிடைப்பதில்லை, ஒவ்வொருவராகப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். "பழங்குடிச் சான்றிதழ் நான் வாங்கித் தருகிறேன்" என்று எவராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பொய்ச் சான்றிதழ் பின்னால் தெரிந்தாலும் பையனை அனுப்பிவிடுவார்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகள் உண்மையில் மாட்டிக்கொள்வது காகிதத்தில். மதிப்பெண் பட்டியலில் 'கே. முருகன்' என்று இருக்கும், ஆதாரில் அப்பா பெயரை விரித்து 'முருகன் கந்தசாமி' என்று இருக்கும். இனிஷியல் வழக்கம் தெரியாதவருக்கு அது இரண்டு ஆள். இன்றே எல்லாவற்றையும் மேஜையில் வரிசையாக வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பிறந்த தேதியையும். காவல்துறைச் சரிபார்ப்புப் படிவத்துக்கும் இப்போதே அலையத் தொடங்குங்கள், அது இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். ஸ்டேஷனில் "நாளைக்கு வா" என்பார்கள். நாட்டுக்காகப் போகும் பிள்ளையை ஒரு முத்திரைக்காக இப்படி அலைக்கழிப்பது எனக்குத் தாங்காத விஷயம். இத்தனை விதிகளையும் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் போட்டுவிட்டு, தமிழில் ஒரு பக்கம்கூடத் தராமல் இருந்தால் தரகர் முளைக்காமல் என்ன செய்வார்? கிராமத்து அப்பா யாரிடம் போய்க் கேட்பார்?

தேர்வுக் கட்டணமாக நீங்கள் கட்டிய 550 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் கடற்படை கேட்ட பணம். இனி யார் கேட்டாலும் அது கடற்படை கேட்பது இல்லை.

கடைசியாக ஒன்று. பையன் படித்த பயிற்சி மையத்திலோ அந்த ஆளிடமோ அசல் சான்றிதழ்கள் இருக்கின்றனவா? "வேலை கிடைத்ததும் மிச்சப் பணம் கொடு" என்று பிடித்துவைக்கும் இடங்கள் உண்டு. சில்காவில் நகலைக் காட்டி ஒன்றும் ஆகாது. நாளைக்கே போய் வாங்கிவிடுங்கள். தர மறுத்தால் கெஞ்ச வேண்டாம், எழுத்துமூலமாகப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள்.